எம்.டி.எச். ரோடு என்று எழுதிய பலகை

(அம்பத்தூரில் ஒரு நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில், திரையில் படங்களைக் காட்டி ஆற்றிய உரை. பேச்சு நடை மாறாமல் அச்சுக்காகச் சற்றே சுருக்கப்பட்டது.)



தலைவர் என்னைப் புகைப்படக் கலைஞர் என்று அறிமுகம் செய்தார். அது அவருடைய பெரிய மனசு. நான் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் டூல் ரூம் ஃபிட்டர். முப்பத்தொரு வருஷம் வெர்னியர் பிடித்த கை இது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் இந்தக் கையில் கேமரா இருந்தது. கல்யாண ஆல்பம் போட்டதில்லை. போட்டிக்குப் படம் அனுப்பியதில்லை. சூரிய அஸ்தமனம் ஒரே ஒரு தடவை எடுத்தேன், அதுவும் ரோலில் கடைசிப் படம் வீணாகக் கூடாதே என்று.

நான் எடுத்ததெல்லாம் கடைப் பலகை, சுவர், போஸ்டர், டீக்கடை, பார், பஸ் ஸ்டாப். பாடியிலிருந்து ஆவடி வரைக்கும், அந்தப் பக்கம் பூந்தமல்லி வரைக்கும். "இதையெல்லாம் எதுக்கு சார் எடுக்கறீங்க?" என்று கேட்காத கடைக்காரர் கிடையாது. அவர் கண்ணில் மூன்று சந்தேகம் வரிசையாக வரும்: இன்கம் டாக்ஸா, கார்ப்பரேஷனா, ரோடு அகலப்படுத்தப் போகிறார்களா? மூன்றும் இல்லை என்று சொன்னால் நாலாவதாக, இந்த ஆளுக்கு ஏதோ கோளாறு என்று முடிவு செய்து டீ வாங்கிக் கொடுப்பார்கள். அவர்களுக்கு அன்றைக்குச் சொல்ல வராத பதிலை இன்றைக்கு உங்களிடம் சொல்லிப் பார்க்கிறேன்.

முதல் படத்தைப் போடுங்கள் தம்பி.

1991, ஆகஸ்ட். மோட்டார் ரீவைண்டிங் கடை. தகரப் பலகை, மஞ்சள் தரை, சிவப்பு எழுத்து, ஒவ்வொரு எழுத்துக்கும் வலப்பக்கம் சாய்ந்த கறுப்பு நிழல். கடையின் பெயரை விடுங்கள். அதற்குக் கீழே பாருங்கள். 'எம்.டி.எச். ரோடு, அம்பத்தூர், சென்னை - 53.' அதற்குப் பக்கத்தில் ஆறே இலக்கத்தில் ஒரு போன் நம்பர். வலது மூலையில், எறும்பு ஊர்கிற அகலத்தில், வரைந்தவருடைய பெயரும் 'ஆர்ட்ஸ்' என்ற சொல்லும்.

நான் பலகையை எடுத்தபோது இதில் எதையும் பார்க்கவில்லை. மஞ்சளும் சிவப்பும் நன்றாக இருந்தது, எடுத்தேன். பத்து வருஷம் கழித்து பீரோவில் கவரைத் தேடும்போதுதான் படம் பேச ஆரம்பித்தது. எம்.டி.எச். என்றால் மெட்ராஸ் - திருவள்ளூர் ஹை ரோடு. 1996இல் மெட்ராஸ் அதிகாரப்பூர்வமாகச் சென்னை ஆனது. ரோடும் மெதுவாக சி.டி.எச். ஆனது. அரசாணை ஒரு நாளில் வந்துவிடும். பலகை அப்படி மாறாது. ஒருவர் கடையைப் புதுப்பிக்கும்போது மாற்றுவார், இன்னொருவர் மகன் தலையெடுத்த பிறகு மாற்றுவார். ஒரு சைக்கிள் கடையில் 'எம்' என்ற எழுத்தை மட்டும் அழித்துவிட்டு 'சி' எழுதியிருந்தார்கள். வெயிலில் வெளுத்த பழைய மஞ்சளுக்கு நடுவே புது மஞ்சள் ஒரு சதுரமாக, ஒட்டுப் போட்ட சட்டை மாதிரி தெரிந்தது. அந்தச் சதுரம்தான் எனக்குச் சென்னை பெயர் மாற்றத்தின் படம்.

இப்படிப் பலகையை வைத்து வருஷம் சொல்வது ஒரு பழக்கமாகிவிட்டது. போன் நம்பர் ஆறு இலக்கம் என்றால் ஒரு காலம். ஏழு என்றால் அடுத்தது. முன்னால் ஒரு 2 சேர்ந்து எட்டானால் அதற்கும் அடுத்தது. பிறகு லேண்ட்லைன் போய் செல் நம்பர். அப்புறம் நம்பரே இல்லாமல் கண்ணாடியில் ஒட்டிய கியூ.ஆர். கோடு. எழுத்தும் காலத்தைச் சொல்லும். 1978இல் எம்.ஜி.ஆர். அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணை போட்டது. லை, ளை, னை, ணை எல்லாம் யானைத் தும்பிக்கை மாதிரி இருந்த பழைய குறியை இழந்து இன்றைய கொம்புக்கு மாறின. பூந்தமல்லியில் ஒரு மண்டியின் பலகையில் 'லை'க்குத் தும்பிக்கை இருந்ததைப் பார்த்து, 1978க்கு முந்தியது என்று நண்பரிடம் பந்தயமே கட்டினேன். தோற்றேன். மண்டிக்காரர் 1984இல் எழுதியதாம். வரைந்த பெரியவருக்குத் தும்பிக்கை இல்லாமல் கை வராது. ஆணை கோட்டையிலிருந்து கிளம்பி அந்தப் பெரியவருடைய பிரஷ்ஷுக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு சின்ன விஷயம். கடைப் பலகையில் தமிழ் 5 பங்கு, ஆங்கிலம் 3, மற்ற மொழி 2 என்ற விகிதம் விதியில் இருக்கிறது. ஸ்கேலை வைத்து அளந்தால் எத்தனை கடை தேறும் என்பதை ஒரு ஃபிட்டர் சொல்லாமல் இருப்பதே மரியாதை. ஆனால் எஸ்டேட்டுக்குப் பின்னால், மண்ணூர்பேட்டைப் பக்கம் நடந்து பாருங்கள். மொபைல் ரீசார்ஜ் கடை, ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுக்கிற கடைகளில் இந்தி, ஒடியா, வங்காள எழுத்துகள், தப்பும் தவறுமாக, ஏ-4 தாளில் மார்க்கர் பேனாவால். லேத்திலும் பிரஸ்ஸிலும் இன்று யார் நிற்கிறார்கள் என்பதற்கு அந்தத் தாளே சாட்சி. அதைப் பலகை என்றே யாரும் நினைப்பதில்லை. மழைக்குக் கரைந்துவிடும். எடுத்து வையுங்கள்.

சென்னையில் புகைப்படத்துக்குப் பழைய வரலாறு உண்டு. 1857இலேயே இங்கே போட்டோகிராபிக் சொசைட்டி தொடங்கியாயிற்று. அதே காலத்தில் லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி, மெட்ராஸ் அரசின் புகைப்படக்காரராக, மாட்டு வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டு மதுரை, தஞ்சாவூர், திருச்சி என்று போய்க் கோயில்களை எடுத்தார். அபாரமான படங்கள். அவரிலிருந்து ஆரம்பித்து நம் கண்ணுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது: கோயில், மலை, கடற்கரை என்றால் கேமராவைத் தூக்குவோம். நம் பக்கத்திலும் கோயிலுக்குக் குறைவில்லை. திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயிலில் நந்தி சுவாமிக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பதை எல்லோரும் எடுத்தாயிற்று. திருவேற்காடு, மாங்காடு சொல்லவே வேண்டாம். அவற்றுக்கு என் உதவி தேவையில்லை. எதிர்ச் சந்தில் தேங்காய் பழக்கடையின் பலகைக்குத்தான் ஆள் இல்லை.

பாரிஸில் ஒருத்தர் இருந்தார், எழேன் அட்ஜே. முப்பது வருஷம் அந்த ஊரின் கடை முகப்பு, படிக்கட்டு, கதவுக் கைப்பிடி, தெரு வியாபாரி என்று எடுத்துக்கொண்டே இருந்தார். 1927இல் செத்துப்போனார். தன் வேலைக்கு அவர் வைத்த பெயர், 'ஓவியர்களுக்கான ஆவணங்கள்'. கலை என்று சொல்லிக்கொள்ளவே இல்லை. அமெரிக்காவில் எட் ரூஷே 1966இல் இன்னும் ஒரு படி மேலே போனார். ஒரு வண்டியில் கேமராவைக் கட்டி, லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு சாலையின் இரண்டு பக்கமும் இருந்த ஒவ்வொரு கட்டடத்தையும் விடாமல் எடுத்து, ஏறக்குறைய 25 அடிக்கு மடிப்பு மடிப்பாக விரிகிற புத்தகம் போட்டார். பாடியிலிருந்து ஆவடி வரைக்கும் சி.டி.எச். ரோட்டுக்கு அப்படி ஒரு புத்தகம் வேண்டும் என்று நெடுநாள் ஆசை. என்னிடம் இருந்தது டி.வி.எஸ். 50. நடுரோட்டில் ஓட்டிக்கொண்டே எடுத்திருந்தால் இந்தக் கூட்டம் இரங்கல் கூட்டமாகியிருக்கும்.

அடுத்த படம். பஸ் ஸ்டாப்.

நம் ஊரில் பஸ் ஸ்டாப்புகளின் பெயரைக் கவனித்திருக்கிறீர்களா? லூக்காஸ், பிரிட்டானியா, டி.ஐ. சைக்கிள், வாவின், டன்லப். கண்டக்டர் கூவும்போது கம்பெனி வருகைப் பதிவேடு வாசிக்கிற மாதிரி இருக்கும். 1949இல் டி.ஐ. சைக்கிள் வந்தது. அறுபதுகளில் அரசு எஸ்டேட் போட்டது, பாடியில் டி.வி.எஸ். குழுமத்தின் ஆலைகள் வரிசையாக வந்தன. மூன்று ஷிப்ட் ஊர். சங்கு ஊதினால் சைக்கிள் வெள்ளம். டன்லப் டயர் தொழிற்சாலை ஓடி நின்று வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனால் "டன்லப் எறங்கு" என்ற குரல் நிற்கவில்லை. அங்கே இறங்குகிற ஐ.டி. பையனிடம் டன்லப் என்றால் என்ன என்று கேட்டேன். "ஸ்டாப் பேரு அங்கிள்" என்றான். சரியான பதில்தான். ஓ.டி. ஸ்டாப்பில் ஓ.டி. என்றால் என்ன என்று கேட்டால் எனக்கே தெரியாது. பழைய டவுன் என்பார் ஒருவர், ஒரகடம் டெர்மினஸ் என்பார் இன்னொருவர், இரண்டு பேரும் சண்டைக்கு வருவார்கள். அதனால் ஸ்டாப்பின் பெயர் எழுதிய எந்தப் பலகை கண்ணில் பட்டாலும் எடுத்துவிடுவேன். 2011இல் அம்பத்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தபோது தெருப் பெயர்ப் பலகைகள் மாறின. 2019இல் ஆவடி தனி மாநகராட்சி ஆனபோது அங்கேயும் மாறின. பழைய பலகைகள் பழைய இரும்புக் கடைக்குப் போனதைப் பார்த்தேன். எடை போட்டுக் காசு வாங்கினார்கள்.

இனி சுவர்.

சுவரைப் பற்றிப் பேசினால் எனக்கு நேரம் தெரியாது, தலைவர் மணி அடிக்கலாம். தெருவோவியம் என்று இப்போது ஒரு சொல் புழங்குகிறது. நம் ஊர்ச் சுவரில் ஓவியம் எப்போதும் இருந்தது, கட்சி என்ற பெயரில். தேர்தலுக்கு ஒன்றரை வருஷம் முன்னாலேயே இளைஞர் அணி சுண்ணாம்பு வாளியோடு கிளம்பி 'சுவர் பிடிக்கும்'. ஒரு ஓரத்தில் கட்சிப் பெயர், ஒரு வருஷம், அவ்வளவுதான். மீதிச் சுவர் வெள்ளையாகக் காத்திருக்கும். பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959லேயே சட்டம் இருக்கிறது. சட்டம் பாட்டுக்குச் சட்டம், சுவர் பாட்டுக்குச் சுவர். பிறகு பெயின்டர் வருவார். பசை கலந்த வண்ணப்பொடி, சாரம் கட்ட நேரமில்லை என்றால் டிரம்மின் மேல் ஸ்டூல். நூலைச் சாயத்தில் தோய்த்து இரண்டு பேர் இழுத்துப் பிடித்து நடுவில் சுண்டினால் நேர்கோடு. அந்தக் கோட்டில் ஒரு மில்லி பிசகு இருக்காது. ஃபிட்டர் சொல்கிறேன், நம்புங்கள்.

நான் தெரிந்துவைத்திருந்த பெயின்டர் ஒருவர் காலையில் உதயசூரியனும் சாயங்காலம் இரட்டை இலையும் வரைவார். எது கஷ்டம் என்று கேட்டேன். "இலைதான் சார். சூரியன் எல்லாருக்கும் ஒரே மாதிரி வந்துரும். இலை ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஏத்த எறக்கமா வந்துச்சுன்னா, கட்சிக்குள்ள சண்டையான்னு கேப்பாங்க" என்றார்.

தேர்தல் தேதி அறிவித்த மறுநாள் மாநகராட்சி ஆட்கள் வந்து எல்லாவற்றின் மேலும் சுண்ணாம்பு அடிப்பார்கள். ஒரு பூச்சு மட்டும். அந்த ஒரு பூச்சுக்கு அடியில் கறுப்பும் சிவப்பும் மங்கலாகத் தெரியும், ஜுரம் வந்தவன் முகம் மாதிரி. அதைத்தான் நான் எடுப்பேன். கொரட்டூர் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் ஒரே சுவரை, எதிர்ப் பக்கத்தில் ஒரே விளக்குக் கம்பத்தில் முதுகைச் சாய்த்து, 1996, 2001, 2006, 2011, 2016, 2021 என்று ஆறு தேர்தலுக்கு எடுத்திருக்கிறேன். ஆறும் இதோ திரையில். கட்சியைப் பார்க்காதீர்கள். சுவரின் உயரத்தைப் பாருங்கள். ரோடு மேலே மேலே ஏறிக்கொண்டே வருகிறது, தார் மேல் தார். 1996இல் என் தலைக்கு மேலிருந்த சுவர் 2021இல் நெஞ்சளவுக்கு வந்துவிட்டது. அந்தத் தெருவில் மழைத்தண்ணீர் ஏன் வீட்டுக்குள் போகிறது என்பதற்கு இன்ஜினீயர் ரிப்போர்ட் வேண்டாம். நான் அதை நினைத்து எடுக்கவில்லை. எழுத்தைத்தான் எடுத்தேன். சுவர் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது.

போஸ்டருக்கும் இதே கதை. மைதா மாவுப் பசை, ராத்திரி ஒரு மணி, ஒருவர் தடவ ஒருவர் ஒட்ட. காலையில் மாடு வந்து பசைக்காகத் தாளை உரித்துத் தின்னும். மாடு விட்ட இடம் படிப்படியாகத் தடித்து, ஒரு விரல் கனத்துக்கு வரும். மழை நாளில் அது மூலையில் வாய் பிளக்கும். ஒருமுறை அப்படிப் பிளந்த ஒன்றை மெதுவாக உரித்துப் பார்த்தேன். மேலே ஒரு கண்ணீர் அஞ்சலி, அடியில் ஒரு சினிமா, அதற்கடியில் மூலம் பவுத்திரம், அதற்கடியில் மறுபடி கண்ணீர் அஞ்சலி, அதற்கும் அடியில் பூப்புனித நீராட்டு விழா. அஞ்சலிப் படங்களில் ஒரு விஷயம் கவனித்தேன். பெரும்பாலும் பாஸ்போர்ட் படத்தைத்தான் பெரிதாக்கியிருப்பார்கள். கழுத்துப் பட்டன் போட்டு, விறைத்து, ஸ்டுடியோக்காரர் "ஆடாதீங்க" என்று சொன்ன அந்த நொடி. ரேஷன் கார்டுக்கோ வங்கிக்கோ எடுத்தது. நம்மில் பல பேருக்கு அது ஒன்றுதான் படம்.

பிறகு ஃபிளெக்ஸ் வந்தது. தகரப் பலகை எழுதியவர்கள் பாதிப் பேர் வேறு வேலைக்குப் போனார்கள். பள்ளிக்கரணையில் 2019 செப்டம்பரில் சாலையில் வைத்த பேனர் விழுந்து ஓர் இளம்பெண் உயிர் போன பிறகு கொஞ்ச நாள் அடங்கியிருந்தது. ஃபிளெக்ஸை எனக்குப் பிடிக்காது. ஆனால் அதையும் எடுக்கிறேன், அது சாகிற விதத்துக்காக. வெயிலில் முதலில் சிவப்பும் மஞ்சளும் போய்விடும், நீலம் மட்டும் நிற்கும். ஆறு மாதத்தில் தலைவர், தொண்டர், மணமக்கள், காதணிக் குழந்தை எல்லோரும் நீலகண்டர்கள் ஆகிவிடுவார்கள்.

இப்போது மாநகராட்சியும் தொண்டு அமைப்புகளும் வரைகிற சுவரோவியங்கள். 2009 வாக்கில் அண்ணா சாலையில் போஸ்டரை ஒழிக்க என்று கலை, பண்பாட்டுக் காட்சிகள் வரைந்தார்கள். மற்ற சாலைகளுக்கும் பரவியது. 2020இல் கண்ணகி நகரில் ஸ்டார்ட் இந்தியா அமைப்பு, பல நாட்டு, உள்ளூர் ஓவியர்களை வைத்துக் குடியிருப்புகளின் சுவர் முழுக்க வரைந்தது. அவற்றில் சில உண்மையிலேயே நல்ல ஓவியங்கள். ஓவியத்தைப் பார்க்கவென்று அந்தக் குடியிருப்புக்கு யாராவது வந்தார்கள் என்பதே பெரிது. இருந்தாலும் என் குறையைச் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்து மேம்பாலத் தூணிலும் பள்ளிக்கூட மதிலிலும் வரைகிற மயில், கிராமத்துப் பெண், ஜல்லிக்கட்டுக் காளை, இவற்றை இடம் மாற்றி வைத்தாலும் யாருக்கும் தெரியாது. ஊர்ப் பெயர் இல்லை, வருஷம் இல்லை, வரைந்தவர் பெயர்கூடப் பல இடத்தில் இல்லை. போன் நம்பர் எழுதிய ரீவைண்டிங் கடைக்காரர் சொன்ன அளவு செய்தி அந்த மயில் சொல்வதில்லை. மயிலை எடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. எடுக்கும்போது ஓரத்தில் கொஞ்சம் தெருவையும் விடுங்கள்.

சிரிக்காமல் கேளுங்கள், அடுத்தது பார்.

இங்கிலாந்துக்காரர்கள் தங்கள் ஊர்ப் பப்புகளின் பெயர்ப் பலகைகளை எடுத்து எடுத்து ஆல்பம் ஆல்பமாகச் சேர்ப்பார்கள். அங்கே 1393இல் இரண்டாம் ரிச்சர்ட் மன்னர் மதுக்கடை வைப்பவன் அடையாளப் பலகை தொங்கவிட வேண்டும் என்று ஆணை போட்டார். அவருடைய சின்னமான வெள்ளை மான் இன்றும் எத்தனையோ பப்புகளின் பலகையில் நிற்கிறது. ஒவ்வொரு கடைக்கும் பெயர், படம், கதை. நமக்கு? 1983இல் டாஸ்மாக் நிறுவனம் தொடங்கி, 2003 நவம்பரிலிருந்து சில்லறைக் கடையும் அரசே நடத்துகிறது. கடைக்குப் பெயர் கிடையாது, எண் உண்டு. பெரும்பாலும் பச்சைப் பலகை, ஒரு நம்பர், கீழே மது கேடு என்ற எச்சரிக்கை. தான் விற்கிற சரக்கை வாங்காதே என்று தன் பலகையிலேயே எழுதி வைத்த கடை, எனக்குத் தெரிந்து, வேறு இல்லை. படம் எடுக்க இதைவிட நல்ல பலகை கிடைக்குமா?

ஆனால் பாரில் கேமரா எடுப்பது சுலபமில்லை. முதல் தடவை சாயங்காலம் ஆறரைக்குப் போய்விட்டேன். நீலத் தார்ப்பாய்க் கூரை, ஆஸ்பெஸ்டாஸ், பிளாஸ்டிக் டம்ளர், தண்ணீர் பாக்கெட், தட்டில் சுண்டலும் மிளகாய்த்தூள் தூவிய மாங்காயும், அடுக்கி வைத்த முட்டை. விளக்கொளி புகையில் மஞ்சளாகக் கலங்கியிருந்தது. பரவசமாகி ஒரு ஃபிரேம் எடுத்தேன். பின்னாலிருந்து ஒரு கை தோளில் விழுந்தது. சண்டைக்கு என்று நினைத்தேன். அவர் கெஞ்சினார். "அண்ணே, வீட்ல கறி வாங்கப் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். இந்தப் படம் எங்கயாச்சும் வந்துச்சுன்னா என் பொழப்பு போச்சு." அவர் கையில் நிஜமாகவே கறிப் பை இருந்தது. அந்த ஃபிரேமை நான் பிரிண்ட் போடவில்லை.

அதற்குப் பிறகு நான் பாருக்குப் போவது காலை பதினொரு மணிக்கு. 2016இலிருந்து கடை திறப்பது பகல் பன்னிரண்டுக்கு. அதற்கு முன் பாரில் கூட்டிப் பெருக்குகிறவர் மட்டும் இருப்பார். நாற்காலிகள் ஒன்றின் மேல் ஒன்று. கூரை ஓட்டையில் நுழைந்த வெயில் சிமென்ட் தரையில் காசு காசாகக் கிடக்கும். சுவரில் கரியால் யாரோ போட்ட கணக்கு, ஒரு பெண்ணின் பெயர், ஒரு செல் நம்பர், அதன் கீழே வேறு கையெழுத்தில் "போன் பண்ணாதே". ஆளே இல்லாமல் அந்த இடத்தில் அத்தனை பேர் இருந்தார்கள். 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது. 2017 ஏப்ரல் முதல் தேதி தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடின. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் பலகை கழற்றிய ஒரு சுவரை அந்த வாரமே எடுத்தேன். பலகை இருந்த இடம் மட்டும் வெயில் படாமல் புதுச் சுவராக, செவ்வகமாக இருந்தது. கடைகள் உள்தெருவுக்கு இடம் தேடிப் போனபோது பெண்கள் சாலையில் உட்கார்ந்த செய்தி மாநிலம் முழுக்க வந்தது. அந்தச் செவ்வகத்தின் மேல் இப்போது பிரியாணிக் கடை ஃபிளெக்ஸ்.

ஆவடிக்குப் போவோம். இங்கே என் படங்கள் குறைவு, காரணத்தைச் சொல்கிறேன். 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு நடந்து, சோஷலிச பாணி சமுதாயம் என்ற தீர்மானம் நிறைவேறிய அந்தச் சில நாட்களில் ஆவடியை இந்தியாவே படம் எடுத்தது. 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது, 1965இல் முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. உடைத் தொழிற்சாலை, எஞ்சின் தொழிற்சாலை, ஆராய்ச்சி நிலையம் எல்லாம் மதிலுக்குள். மதிலில் 'புகைப்படம் எடுக்கக் கூடாது'. 1923ஆம் வருஷத்து அலுவல் ரகசியச் சட்டம், தடை செய்த இடங்களை வரைவதும் எடுப்பதும் குற்றம் என்கிறது. எண்பதுகளில் அந்தப் பக்கம் ஒரு நீண்ட மதிலின் மேல் ஏழு ஆடுகள் வரிசையாக நின்றன. ஆட்டை எடுத்தேன். மதில் யாருடையது என்று பார்க்கவில்லை. தப்பு என்னுடையதுதான். காவலர் பொறுமையாக விசாரித்து, ரோலை வாங்கிக்கொண்டு, டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னார். ஊட்டியில் தயாரான 'இந்து' பிலிம், பன்னிரண்டு படம். அந்த ஊட்டித் தொழிற்சாலையும் இப்போது மூடிக் கிடக்கிறது. ஆடுகளை நினைத்தால் இன்றும் வயிறு எரியும்.

சட்டம் சரியா தப்பா என்று வாதிட நான் வரவில்லை. போர்டு இருந்தால் கேமரா பைக்குள். ஆனால் அதனால் என்ன ஆகிறது? பல்லாயிரம் பேர் வாழ்நாள் முழுக்க உழைத்த இடம் தெருவிலிருந்து எடுத்த எந்தப் படத்திலும் இருக்காது. ஆவடியின் படம் வீட்டு ஆல்பத்தில் இருக்கிறது. குவார்ட்டர்ஸ் வாசலில் புது ஸ்கூட்டரோடு, ஓய்வு பெற்ற நாளில் கழுத்தில் மாலையோடு, ஆயுத பூஜைக்குச் சொந்தப் பட்டறையில் லேத்துக்குச் சந்தனம் வைத்து. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் ஆவடிக்காரர்கள் ஆல்பத்தை எடுத்துப் பின்பக்கத்தில் பென்சிலால் தேதியும் பெயரும் எழுதுங்கள். பால்பாயின்ட் வேண்டாம், அழுத்தம் முன்பக்கம் தெரியும்.

எப்படி எடுப்பது என்று தம்பி ஒருவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். நேராக நில்லுங்கள். பலகை கண்ணுக்கு நேராக வர வேண்டும், சாய்த்து எடுத்தால் எழுத்துப் படிக்க முடியாது. ஜெர்மனியில் பெர்ண்ட் பெச்சரும் ஹில்லா பெச்சரும் 1959இலிருந்து தண்ணீர்த் தொட்டிகளையும் சுரங்கக் கோபுரங்களையும் இப்படித்தான் எடுத்தார்கள். மேகமூட்டமான நாள், ஒரே கோணம், ஒன்றன் பக்கத்தில் ஒன்று. நமக்கு மேகம் கிடைக்காது, வெயிலோடுதான் வாழ்க்கை. சி.டி.எச். ரோடு ஏறக்குறைய கிழக்கு மேற்காக ஓடுகிறது. தெற்குப் பார்த்த கடைப் பலகைகள் வருஷத்தில் பெரும்பகுதி வெயில் வாங்கி வெளுத்துவிடும். வடக்குப் பார்த்தவை நிழலிலேயே நிறம் மாறாமல் இருக்கும். அவற்றின் மேல் கோடையில் காலையிலும் சாயங்காலமும் சாய்வாக வெயில் படும். அப்போது போனால், தகரத்தில் பிரஷ் போன தடம்கூடத் தெரியும். அப்புறம், கடைக்காரரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். எடுத்த படத்தைப் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். செல்லில் அனுப்பினால் அன்றைக்கே குட்மார்னிங் படங்களுக்கு அடியில் போய்விடும். முகச்சுருக்கம் விழுந்த கிழவியின் படம் மட்டும் தயவுசெய்து வேண்டாம். அந்தப் பாட்டியை எல்லோரும் எடுத்தாயிற்று, அவருக்கு ஒருவரும் ஒரு பிரிண்ட் கொடுக்கவில்லை.

மதுரைப் பக்கத்திலிருந்து வந்த எம். பழனிகுமார் துப்புரவுத் தொழிலாளர்களைத் தொடர்ந்து எடுத்தவர். பெரிய விருதும் வாங்கினார். எனக்கு அவரிடம் அதைவிடப் பிடித்தது, தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் கையில் கேமராவைக் கொடுத்துக் கற்றுக்கொடுக்கிறார் என்பது. நம் பக்கத்தில் அப்படி ஒன்று நடந்தால், ஒடியா பேசுகிற லேத் ஆபரேட்டரின் மகள் எடுக்கிற அம்பத்தூர் எப்படி இருக்கும் என்று பார்க்க எனக்கு ஆசை.

தலைவர் மணியைப் பார்க்கிறார். வரும் ஞாயிறு காலை ஆறரைக்கு டன்லப் ஸ்டாப்பில் நிற்பேன். அங்கிருந்து ஓ.டி. வரைக்கும் நடை, தெற்குப் பக்கத்துக் கடைகள் மட்டும். எட்டரைக்குள் முடித்துவிடலாம், அதற்குமேல் ஷட்டர்கள் மேலே போய்விடும். ஷட்டரில் எழுதியிருக்கிற விளம்பரமும் போய்விடும். போன் கேமரா போதும். போனும் இல்லாதவர்கள் ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் கொண்டுவாருங்கள். கடை எண்ணும் பலகையில் இருப்பதும் ஒருவர் எழுதிக்கொண்டே வர வேண்டும்.